இளநிலை எழுத்தராகத் தொடங்கியவர்: கெய்ன்ஸின் அரசுப் பணி

ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வாசிப்பவர் நிதியமைச்சர். அந்த உரையில் இடம்பெறும் எண்களைத் திரட்டுபவர்களும், அவற்றைச் சரிபார்த்து அட்டவணையாக்கிக் குறிப்பெழுதி மேலதிகாரிக்கு அனுப்புபவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளநிலை ஆய்வாளர்கள். அவர்களது பெயர்கள் எந்த ஆவணத்தின் முகப்பிலும் அச்சாவதில்லை. அவர்கள் எழுதும் குறிப்புகளில் எத்தனை படிக்கப்படுகின்றன, எத்தனை கோப்புகளுக்குள்ளேயே உறங்கிவிடுகின்றன என்பதும் வெளியில் தெரிவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பொருளாதாரக் கொள்கையை வேறு எவரையும் விட அதிகமாக மாற்றியமைத்தவர் என்று கருதப்படும் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், அத்தகைய ஒரு பணியில்தான் தமது வாழ்க்கையைத் தொடங்கினார். அந்தப் பணி பிரிட்டனின் நிதி நிர்வாகத்தைப் பற்றியதல்ல, இந்தியாவின் நிதி நிர்வாகத்தைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 1946ஆம் ஆண்டில் அவர் இறப்பதற்குச் சற்று முன்புவரை அவரது மேசையில் இருந்த கோப்புகளிலும் இந்தியாவின் கணக்கு ஒன்று தீர்க்கப்படாமலே கிடந்தது.

கெய்ன்ஸின் பொருளியல் கோட்பாடுகள் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அரசாங்கத்துக்குள் இருந்து எண்களைக் கையாண்ட ஓர் ஆய்வாளராக அவர் எதைச் சாதித்தார், எதைக் காணத் தவறினார் என்பதையே இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

தேர்வில் இரண்டாமிடம்

கெய்ன்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜான் நெவில் கெய்ன்ஸ் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியலும் பொருளியலும் கற்பித்தவர். தாய் புளோரன்ஸ் பொதுவாழ்வில் ஈடுபட்டு, பின்னாளில் கேம்பிரிட்ஜ் நகரின் மேயரானவர். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்ற கெய்ன்ஸ், 1905ஆம் ஆண்டு கணிதத்தில் பட்டம் பெற்றார். பொருளியலில் அவர் பெற்ற முறையான பயிற்சி, பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷலிடம் சிறிது காலம் கற்றதோடு முடிந்துவிட்டது. பொருளியலில் அவர் பட்டம் எதையும் பெறவில்லை.

1906ஆம் ஆண்டு கோடையில் அவர் பிரிட்டிஷ் குடிமைப் பணித் தேர்வை எழுதினார். ஒட்டுமொத்தத் தரவரிசையில் அவருக்கு இரண்டாமிடம் கிடைத்தது. ஆனால் அவர் மிகக் குறைந்த மதிப்பெண்களைப் பெற்ற பாடங்களில் பொருளியலும் ஒன்று. முதலிடம் பெற்றவர் ஓட்டோ நீமையர். முதலிடம் பெற்றவருக்கே விருப்பமான துறையை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனின் நிதியமைச்சான திறைசேரியில் இருந்த இடத்தை நீமையர் எடுத்துக்கொண்டார். கெய்ன்ஸுக்குக் கிடைத்தது லண்டனில் இருந்த இந்தியா அலுவலகம்.

இந்த இருவரது பாதைகளும் அதன்பின் பலமுறை குறுக்கிட்டன.

காளைகளும் கோப்புகளும்

இந்தியா அலுவலகம் என்பது இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரின் தலைமைச் செயலகம். டெல்லியிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் எடுக்கப்படும் நிதி முடிவுகள் இறுதியில் லண்டன் வைட்ஹால் பகுதியில் இருந்த இந்தக் கட்டடத்துக்கே வந்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அக்காலத்தில் இந்த அலுவலகத்தின் செலவும் அதன் ஊழியர்களின் சம்பளமும் பிரிட்டிஷ் கருவூலத்திலிருந்து தரப்படவில்லை. இந்திய வரிப்பணத்திலிருந்தே தரப்பட்டன. ஆகவே கெய்ன்ஸின் முதல் சம்பளத்தை வழங்கியவர்கள் இந்திய வரி செலுத்துவோர் என்று கூறுவது மிகையல்ல.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் இராணுவப் பிரிவில் இளநிலை எழுத்தராக அவர் சேர்ந்தார். அங்கே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று, ஐர்ஷர் இனத்தைச் சேர்ந்த பத்து இளங்காளைகளைக் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்வது. சில மாதங்களில், 1907ஆம் ஆண்டு மார்ச்சில், அவர் வருவாய், புள்ளிவிவரம் மற்றும் வணிகப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இந்தியாவின் நிலை குறித்து ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு அங்கே அவருக்குக் கிடைத்தது. இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் வணிக, வேளாண்மை, வருவாய்த் தகவல்களைப் படித்து, அவற்றிலிருந்து ஒரு சுருக்கத்தை உருவாக்குவதே இந்த வேலை. இன்று எந்த நாட்டின் நிதியமைச்சிலும் புதிதாகச் சேரும் ஆய்வாளருக்கு முதலில் தரப்படும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

வேலை கடினமானதாக இருக்கவில்லை. காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிந்துவிடும். மிச்சமிருந்த நேரத்தில், சில வேளைகளில் அலுவலக நேரத்திலேயே, அவர் நிகழ்தகவு பற்றிய தமது ஆய்வேட்டை எழுதிவந்தார். எந்த முடிவுக்கும் ஒருவர் தனித்துப் பொறுப்பேற்காமல், கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்த நடைமுறை அவருக்குச் சலிப்பூட்டியது. 1908ஆம் ஆண்டு, இரண்டு ஆண்டுகள் நிறைவடையும் முன்பே, பணியிலிருந்து விலகி கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார்.

ஆனாலும் அந்தக் குறுகிய காலம் வீணாகவில்லை. ஓர் அரசாங்கத்தின் பணம் எப்படிச் சேர்கிறது, எந்தக் கணக்கில் வைக்கப்படுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை அவர் கோப்புகளிலிருந்து நேரடியாகக் கற்றுக்கொண்டார். இந்திய நாணய நிர்வாகத்தின் நுணுக்கங்களை அறிந்திருந்த இந்தியா அலுவலகத்தின் நிதி அதிகாரி லயனல் ஏப்ரஹாம்ஸுடன் ஏற்பட்ட தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1909ஆம் ஆண்டு கெய்ன்ஸ் வெளியிட்ட முதலாவது முக்கிய பொருளியல் கட்டுரையின் பொருளும் இந்தியாவே.

ரூபாயின் கணக்கு

1913ஆம் ஆண்டு இந்திய நாணயமும் நிதியும் என்ற பொருளில் கெய்ன்ஸின் முதல் நூல் வெளிவந்தது. அது எழுந்த பின்னணியைச் சற்று விளக்க வேண்டும்.

1893ஆம் ஆண்டு வரை இந்தியாவில் எவரும் வெள்ளியைக் கொண்டுசென்று அரசின் நாணயச் சாலையில் ரூபாயாக அடித்துக்கொள்ள முடிந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தபோது ரூபாயின் மதிப்பும் வீழ்ந்தது. லண்டனுக்கு ஆண்டுதோறும் இந்தியா செலுத்தவேண்டிய தொகைகள் பவுண்டில் இருந்ததால், ரூபாய்க் கணக்கில் அந்தச் சுமை ஏறிக்கொண்டே போனது. எனவே நாணயச் சாலைகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. பின்னர் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்று நிலைநிறுத்தப்பட்டது. உள்நாட்டில் வெள்ளி ரூபாயும் காகிதத் தாளும் புழங்கும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு மட்டும் இந்த நிலையான விகிதத்தில் பவுண்டு கிடைக்கும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இதற்கான கையிருப்பில் பெரும்பகுதி லண்டனிலேயே வைக்கப்பட்டது.

பம்பாய் வணிகர்களும் இந்திய தேசியவாதிகளும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். இந்தியாவின் பணம் இந்தியாவில் இருக்கவேண்டும், தங்க நாணயம் புழங்கவேண்டும் என்பது அவர்களது வாதம். கெய்ன்ஸ் இதற்கு மாறான நிலைப்பாட்டை எடுத்தார். தங்கத்தை மக்களின் கைகளில் புழங்கவிடுவது வீண் செலவு என்றும், இந்தியாவில் உருவாகியிருந்த ஏற்பாடே எதிர்கால உலக நாணய முறைக்கு முன்மாதிரி என்றும் அவர் வாதிட்டார்.

1912ஆம் ஆண்டு இந்தியா அலுவலகம் ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாக இரகசியமாக வெள்ளி வாங்கியது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெரும் சர்ச்சையானது. அதையடுத்து 1913ஆம் ஆண்டு ஆஸ்டன் சேம்பர்லின் தலைமையில் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இளநிலை எழுத்தராக இருந்த கெய்ன்ஸ், 29 வயதில் அந்த ஆணைக்குழுவின் உறுப்பினரானார். இந்தியாவுக்கு ஒரு மத்திய வங்கி தேவை என்ற விரிவான திட்டம் அவரது உழைப்பில் உருவாகி, ஆணைக்குழுவின் 1914ஆம் ஆண்டு அறிக்கையுடன் இணைக்கப்பட்டது.

அந்தத் தேவை எவ்வளவு உண்மையானது என்பதைச் சென்னை மக்கள் முன்பே அறிந்திருந்தனர். கெய்ன்ஸ் இந்தியா அலுவலகத்தில் சேர்ந்த அதே 1906 அக்டோபரில்தான் சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. அதில் சேமிப்பை வைத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோரின் முயற்சியில் 1907ஆம் ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியது. நெருக்கடியில் வங்கிகளுக்குக் கைகொடுக்கும் மத்திய வங்கி அப்போது இந்தியாவில் இல்லை. 1914இல் முன்வைக்கப்பட்ட திட்டத்தைப் போர் ஓரங்கட்டியது. இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கப்பட்டது 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

கெய்ன்ஸின் இந்திய ஆய்வுக்கு மிகக் கூர்மையான மறுப்பு ஓர் இந்தியரிடமிருந்து வந்தது. லண்டனில் பொருளியல் ஆய்வு செய்த பீமாராவ் அம்பேத்கர், ரூபாயின் பிரச்சினை பற்றி 1923ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கெய்ன்ஸ் பாராட்டிய ஏற்பாட்டை நேரடியாக எதிர்த்தார். நாணயம் வெளியிடும் அளவை அரசாங்கத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடும் எந்த முறையும் விலைவாசியை உயர்த்தி ஏழைகளைப் பாதிக்கும் என்பது அவரது வாதத்தின் சாரம். லண்டனிலிருந்து பார்த்த கெய்ன்ஸுக்கு அந்த ஏற்பாட்டின் சிக்கனம் தெரிந்தது. அதே ஏற்பாட்டில் ரூபாயை வைத்து வாழ்பவரின் வாங்கும் சக்தியை அம்பேத்கர் பார்த்தார். கெய்ன்ஸ் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தியாவுக்குச் சென்றதில்லை.

அமைச்சர்கள் விரும்பிய எண்

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போர் மூளவிருந்த வேளையில், திறைசேரியிலிருந்து வந்த அவசர அழைப்பை ஏற்று கெய்ன்ஸ் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்கு விரைந்தார். அவரது சகோதரியின் கணவரான விஞ்ஞானி ஏ.வி. ஹில் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு இருக்கையில் அமர்ந்து அவர் சென்றார். தங்கம் கொடுப்பதை பிரிட்டன் நிறுத்தக் கூடாது என்று அங்கே அவர் எழுதிய குறிப்பு அப்போதைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் முடிவில் செல்வாக்குச் செலுத்தியது. 1915ஆம் ஆண்டு திறைசேரியில் முறையாகச் சேர்ந்த கெய்ன்ஸ், இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டு நிதிப் பிரிவின் தலைவரானார்.

போர் முடிந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. தோற்ற ஜெர்மனியால் எவ்வளவு இழப்பீடு கொடுக்க முடியும்? திறைசேரியில் கெய்ன்ஸ் தயாரித்த மதிப்பீடு, அதிகபட்சம் 300 கோடி பவுண்டுகள் என்றும், 200 கோடி கிடைத்தாலே திருப்திப்படலாம் என்றும் கூறியது. ஜெர்மனியின் ஏற்றுமதி, கப்பல்கள், வெளிநாட்டுச் சொத்துகள் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு எட்டப்பட்ட முடிவு அது.

ஆனால் 1918ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடைபெறவிருந்தது. போரின் முழுச் செலவையும் ஜெர்மனியிடம் வசூலிப்போம் என்பதே மக்கள் கேட்க விரும்பிய வாக்குறுதி. ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் தலைமையில், இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் கன்லிஃப் பிரபுவும் இடம்பெற்ற குழு ஒன்று 2,400 கோடி பவுண்டுகள் என்ற தொகையை முன்வைத்தது. துறையின் சொந்த ஆய்வாளர்கள் தந்த எண்ணைவிட அது எட்டு மடங்கு அதிகம். அமைச்சரவையின் மேசையில் இரண்டு எண்களும் இருந்தன. தேர்தல் மேடைகளில் ஒலித்தது பெரிய எண்ணின் குரலே.

1919ஆம் ஆண்டு பாரிஸ் சமாதான மாநாட்டில் திறைசேரியின் முதன்மைப் பிரதிநிதியாக இருந்த கெய்ன்ஸ், உடன்படிக்கையின் இறுதி வடிவைக் கண்டு ஜூன் மாதம் பதவி விலகினார். சமாதானத்தின் பொருளாதார விளைவுகள் குறித்து அதே ஆண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. இழப்பீடாக 1921ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட தொகை 13,200 கோடி தங்க மார்க்குகள், அதாவது சுமார் 660 கோடி பவுண்டுகள். அந்தத் தொகை முழுமையாக வசூலிக்கப்படவே இல்லை.

கெய்ன்ஸின் கணிப்புகள் அனைத்தும் சரியானவை என்று இதற்குப் பொருளல்ல. ஜெர்மனியின் பொருளாதார ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் எத்தியேன் மாந்து விரிவாக வாதிட்டார். போரில் உயிரிழந்த மாந்துவின் நூல் அவரது மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்தது. கெய்ன்ஸின் நூல், ஜெர்மனி மீது பிரிட்டிஷ் மக்களுக்குத் தேவைக்கு அதிகமான அனுதாபத்தை உருவாக்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டு.

மீண்டும் நீமையர்

1925ஆம் ஆண்டு நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், பிரிட்டனை மீண்டும் தங்க நாணய முறைக்கு, அதுவும் போருக்கு முந்தைய அதே பவுண்டு மதிப்பில், கொண்டுசென்றார். அதற்கு ஆதரவாகத் திறைசேரியில் உறுதியாக ஆலோசனை வழங்கியவர், 1906ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற அதே ஓட்டோ நீமையர். வெளியில் இருந்து அதை எதிர்த்து எழுதியவர் இரண்டாமிடம் பெற்ற கெய்ன்ஸ். பவுண்டின் மதிப்பு உயர்த்தப்பட்டால் ஏற்றுமதித் தொழில்களில், குறிப்பாக நிலக்கரிச் சுரங்கங்களில், கூலி குறைக்கப்படும் என்று அவர் எச்சரித்தார். 1926ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளரின் கூலிப் பிரச்சினை பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. 1931ஆம் ஆண்டு பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது.

நீமையரின் பெயர் இந்திய வாசகர்களுக்கு வேறொரு வகையில் அறிமுகமானது. 1936ஆம் ஆண்டு இந்தியாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையில் வருவாயைப் பங்கிடும் திட்டத்தை வகுத்தவர் அவரே. மத்திய, மாநில நிதிப் பங்கீடு பற்றி இன்றும் தொடரும் விவாதத்தின் தொடக்க ஆவணங்களில் அதுவும் ஒன்று.

ஓர் இளைஞரின் மறுப்பு

1930ஆம் ஆண்டு பிரதமர் ராம்சே மக்டொனால்ட், பொருளாதார ஆலோசனைச் சபை ஒன்றை அமைத்தார். கெய்ன்ஸ் அதன் உறுப்பினர். அதன் சிறிய பணியாளர் குழுவில் காலின் கிளார்க் என்ற இளம் புள்ளிவிவர ஆய்வாளர் ஒருவர் இருந்தார். இறக்குமதிக்குத் தடைகள் விதிப்பதை நியாயப்படுத்தும் குறிப்பு ஒன்றை எழுதுமாறு அவரிடம் கேட்கப்பட்டபோது, அவர் அதை மறுத்துப் பதவி விலகினார். முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற ஆய்வைப் பின்னர் கேட்பது எந்த அரசாங்கத்திலும் நடப்பதுதான். பணியின் தொடக்க நிலையில் இருக்கும் ஒருவர் அதை மறுப்பதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது.

கிளார்க்கின் திறமையை அந்தச் சபையில் கண்டிருந்த கெய்ன்ஸின் ஆதரவோடு, அவருக்குக் கேம்பிரிட்ஜில் புள்ளிவிவரவியல் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அங்கிருந்து பிரிட்டனின் தேசிய வருமானம் பற்றி அவர் செய்த மதிப்பீடுகள், அரசாங்கத்திடமே அப்போது இல்லாத தகவல்களை உலகுக்கு அளித்தன. 1936ஆம் ஆண்டு வெளிவந்த கெய்ன்ஸின் தலைசிறந்த நூல், வேலைவாய்ப்பு, வட்டி, பணம் ஆகியவற்றின் பொதுக் கோட்பாட்டை முன்வைத்தது. மக்களின் மொத்தச் செலவு குறையும்போது அரசாங்கம் செலவைக் கூட்டி வேலையின்மையைத் தடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட கொள்கை. ஆனால் எவ்வளவு கூட்டுவது என்ற கேள்விக்கு விடைகாண, நாட்டின் மொத்த வருமானம் எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் கோட்பாடு வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும்.

1941ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் கெய்ன்ஸ் போர்ச் செலவைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு சிறுநூல் எழுதினார். அதற்கான கணக்கில் அவருக்கு உதவியவர் எர்வின் ராத்பார்த். நாஜி ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த இந்த இளம் புள்ளிவிவர ஆய்வாளர், பின்னர் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்து 1944ஆம் ஆண்டு போரில் உயிரிழந்தார்.

1940ஆம் ஆண்டு கெய்ன்ஸ் திறைசேரிக்கு ஊதியமற்ற ஆலோசகராகத் திரும்பினார். அதே காலத்தில் போர்க்கால அமைச்சரவை அலுவலகத்தில் ஜேம்ஸ் மீட், ரிச்சர்ட் ஸ்டோன் என்ற இரு பொருளியலாளர்கள் நாட்டின் வருமானத்தையும் செலவையும் இரண்டு பக்கங்களும் பொருந்தும் வகையில் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். ஸ்டோனுக்கு அப்போது வயது 27. அவர்களது பணியின் முக்கியத்துவத்தை உடனே உணர்ந்த கெய்ன்ஸ், அதை அரசு ஆவணமாகவே வெளியிட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாத வரவு செலவுத் திட்டத்துடன் அது வெள்ளை அறிக்கையாக வெளிவந்தது.

அதுவரை வரவு செலவுத் திட்டம் என்பது அரசாங்கத்தின் வரவையும் செலவையும் மட்டுமே பேசியது. முதன்முறையாக, நாடு முழுவதும் எவ்வளவு உற்பத்தி செய்கிறது, அதில் எவ்வளவை மக்கள் செலவிடுவார்கள், போருக்கு எவ்வளவு மிஞ்சும், மிஞ்சாத பகுதி விலைவாசியை எவ்வளவு உயர்த்தும் என்ற கணக்கின் மீது வரி விகிதம் தீர்மானிக்கப்பட்டது. வருமான வரியின் பொது விகிதம் ஒரு பவுண்டுக்கு 10 ஷில்லிங், அதாவது பாதியாக உயர்ந்தது. அதில் ஒரு பகுதி போருக்குப் பின் திருப்பித் தரப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. இன்று உலகின் எல்லா நிதியமைச்சுகளும் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையின் முன்னோடிகளில் ஒன்று அந்த வெள்ளை அறிக்கை. மீட் 1977ஆம் ஆண்டிலும் ஸ்டோன் 1984ஆம் ஆண்டிலும் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இந்தியாவின் பாக்கி

பிரிட்டனில் விலைவாசியைக் கட்டுப்படுத்த இத்தனை நுணுக்கமான கணக்கு போடப்பட்ட அதே ஆண்டுகளில், இந்தியாவில் நடந்தது வேறு. இந்தியாவில் பிரிட்டன் செய்த போர்ச் செலவின் பெரும்பகுதிக்கு உடனடியாகப் பொருளோ தங்கமோ தரப்படவில்லை. லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டுகள் வரவு வைக்கப்பட்டன. அந்த வரவை ஆதாரமாகக் காட்டி இந்தியாவில் ரூபாய்த் தாள்கள் அச்சிடப்பட்டன. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த தாள்களின் அளவு ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகியது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 இலட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அரிசி விலையேற்றம் அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. இந்த நிதி ஏற்பாட்டில் கெய்ன்ஸின் பொறுப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் அரசாங்கம் தன் விருப்பம்போல் நாணயம் வெளியிடுவதன் ஆபத்து பற்றி 1923இல் அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கையை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது.

இவ்வாறு சேர்ந்த பவுண்டு இருப்பு போர் முடிவில் 100 கோடியைத் தாண்டியது. வரலாற்றில் முதன்முறையாக இந்தியா கடன் கொடுத்த நாடாகவும் பிரிட்டன் கடன்பட்ட நாடாகவும் ஆயின. 1944ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி சர்வதேச நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கியபோது, பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கெய்ன்ஸ். இந்தியக் குழுவில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், பம்பாய் தொழில்துறையைச் சேர்ந்த ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோருடன் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். இந்தப் பாக்கியைத் தீர்க்கப் புதிய நிதியம் உதவவேண்டும் என்று இந்தியக் குழு கோரியது. இது சம்பந்தப்பட்ட நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் என்பது கெய்ன்ஸின் நிலைப்பாடு. மாநாடு அவர் பக்கமே நின்றது. பின்னர் அவர் வகுத்த திட்டங்களில், கடன் கொடுத்த நாடுகள் தமது இருப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் இருந்தது.

இந்தியா அதை ஏற்கவில்லை. 1947ஆம் ஆண்டு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான சண்முகம் செட்டியார், அந்த ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி முதலாவது வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். பவுண்டு இருப்பு பேச்சுவார்த்தைகள் மூலம் படிப்படியாக விடுவிக்கப்பட்டது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்குவதில் அதன் பெரும்பகுதி கரைந்தது.

இறுதி ஆண்டுகள்

கெய்ன்ஸ் 1937ஆம் ஆண்டு முதலே கடுமையான இதய நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். ரஷ்ய பாலே நடனக் கலைஞரான அவரது மனைவி லிடியா லோபகோவா அவரது ஓய்வையும் பயணங்களையும் கண்டிப்புடன் கவனித்து வந்தார். ஆயினும் 1945ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டனில் நீண்ட பேச்சுவார்த்தை நடத்தி 375 கோடி டாலர் கடனை பிரிட்டனுக்குப் பெற்றுத்தந்தார். வட்டியில்லா உதவியை எதிர்பார்த்துச் சென்றவருக்கு இரண்டு சதவீத வட்டியில் கடனே கிடைத்தது. அதன் கடைசித் தவணையை பிரிட்டன் செலுத்தியது 2006ஆம் ஆண்டு டிசம்பரில்.

1946ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, சசெக்ஸில் உள்ள தமது இல்லத்தில் கெய்ன்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. அவரது முதிய பெற்றோர் இருவரும் மகனின் மறைவைக் காண உயிருடன் இருந்தனர்.

2008ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடியின்போதும், 2020ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்றின்போதும் அரசாங்கங்கள் செலவைப் பெருக்கியபோதெல்லாம் கெய்ன்ஸின் பெயர் மீண்டும் உச்சரிக்கப்பட்டது. கடன் சுமையில் தத்தளிக்கும் நாடுகள் பற்றிய விவாதத்திலும், ஒரு நாட்டால் உண்மையில் எவ்வளவு திருப்பிச் செலுத்த முடியும் என்ற அவரது 1918ஆம் ஆண்டுக் கேள்வியே எழுகிறது. 2022ஆம் ஆண்டு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாத நிலைக்கு இலங்கை வந்தபோது, கொழும்பிலும் வாஷிங்டனிலும் ஆய்வாளர்கள் கணக்கிட வேண்டியிருந்ததும் இதைத்தான்.

இன்று லண்டன், ஒட்டாவா, கான்பெரா, சிங்கப்பூர் ஆகிய தலைநகரங்களின் அரசுத் துறைகளில் தமிழ்ப் பெயர்களைக் காண்பது அரிதல்ல. பட்டம் பெற்றவுடன் இத்தகைய ஆய்வுப் பணிகளில் சேர விரும்பும் இளையோருக்குக் கெய்ன்ஸின் அரசுப் பணி இரு வேறு செய்திகளைத் தருகிறது. அமைச்சர் விரும்பும் எண்ணுக்கும் ஆய்வு காட்டும் எண்ணுக்கும் இடையே வேறுபாடு வரும்போது, இரண்டாவதை எழுத்தில் பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை. அது ஏற்கப்படாமல் போனாலும் பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு எஞ்சியிருக்கும். மற்றொன்று, தூரத்திலிருந்து ஒரு நாட்டின் கணக்கை எழுதுபவருக்கு அங்குள்ள மக்களின் சந்தை விலை எளிதில் தெரிவதில்லை என்பது. இந்தியா அலுவலகத்தின் ஆவணங்கள் இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கெய்ன்ஸ் என்ற இளநிலை எழுத்தரின் காலத்துக் கோப்புகளை அங்கே எவரும் கேட்டுப் பெற்று வாசிக்கலாம்.